வெந்நீர் ஊற்றுக்கு ஒரு வாளி

தொண்ணூறுகளின் நடுவில், அவுஸ்திரேலியாவின் வடக்கில் இருக்கும் தம்பியிடம் லண்டனிலிருந்து போயிருந்தேன். ஊர் பார்க்கும் பயணத்தில் வெந்நீர் ஊற்றும் உண்டு என்று அவன் சொன்னதும் குளியலறை வாளியைத் தூக்கிக் காரில் வைத்தேன்.

“அக்கா, வாளி ஏன்? தண்ணிக்குள்ள இறங்கிப் படுக்கிறதுதான்,” என்று சிரித்தான்.

“எனக்குப் படுத்துக் குளிச்சுப் பழக்கமில்லை,” என்றேன். லண்டனில், நோர்பரி வீட்டு பாத் டப்பிலும் நின்றபடி வாளியால் ஊற்றித்தான் குளிப்பேன்.

இரண்டு நாள் செம்புழுதியில் ஓடி மலைப்பிளவுகளையும் நீர்வீழ்ச்சிகளையும் பார்த்தோம். எங்கும் முதலை எச்சரிக்கைப் பலகை. வியர்த்து வழிய மேலே நின்று பார்த்ததோடு சரி.

மூன்றாம் நாள் வெந்நீர் ஊற்றுக்குப் போனோம். கால் வைத்த வெள்ளைக்காரர்கள் சூடு தாங்காமல் துள்ளி வெளியே வந்தார்கள். தம்பியும் அப்படியே துள்ளி வெளியே வந்தான். நான் அரை வாளி வெந்நீர் அள்ளி, பக்கத்து ஓடைத் தண்ணீரை விட்டு விளாவி, தலையில் ஊற்றினேன். இரண்டு நாள் அலுப்பும் புழுதியோடு இறங்கிப் போயிற்று. ஒரு வெள்ளைக்காரி வந்து வாளியைக் கேட்டாள். கொடுத்தேன். அவளுக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது.

நான்காவதாகத் தம்பி நின்றான்.

“ஏன், இறங்கிப் படுக்க ஏலாதோ?” என்று கேட்டேன்.