ரெஜினாவின் பரீட்சைக்கு நான் போன நாள்

நான் அப்போதே சொன்னேன். ரெஜினா பெரிய பேராசிரியராக வருவாள், படித்தவர்கள் அவளைக் கண்டு எழுந்து நிற்பார்கள், அவள் போகும்போது பேப்பரில் நாலு பத்தி எழுதுவார்கள் என்று, அவள் பாவாடை கட்டிய காலத்திலேயே கணித்துச் சொன்னவன் நான். கணிக்காமல் விட்டது ஒன்றுதான். அந்தச் செய்தி வரும்போது கேட்பதற்கு நான் இருப்பேன் என்று நினைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை ஓசூர் பஸ் நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். கம்பெனி பஸ்களின் இரைச்சலில் போனைக் காதோடு அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் மகன்தான் பேசினான். "தாத்தா, அம்மா விடிகாலையில தவறிட்டாங்க" என்றான். போனை வைத்தேன். பக்கத்தில் நின்றவர், "என்னங்க, யாரு?" என்று கேட்டார். "எங்க அக்கா பொண்ணு. பெரிய புரொபசர். வெளிநாட்டுக்காரனெல்லாம் சந்தேகம் கேக்க வருவான்" என்றேன். அழவில்லை, பெருமையடித்தேன். சொல்லி முடித்த பிறகுதான் கூசியது. அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை.

அவளிடம் படித்த நீங்கள் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். எட்டாம் வகுப்பு வரை போனவன் நான். எட்டு என்பதே கொஞ்சம் தாராளமாகச் சொல்வது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் கடைசி. இன்று ஓசூரில் இருக்கிற ஆலைகள் எதுவும் அப்போது இல்லை. தளியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு பெங்களூர் மார்க்கெட்டுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ரெஜினா என் மேரியக்காவின் மூத்த மகள். பெங்களூரில் கல்லூரி சேர்ந்து மனோதத்துவம் படிக்கப்போகிறேன் என்று அவள் சொன்ன அன்று அக்கா வீட்டுக்காரர் அந்தோணி மச்சான் சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார்.

"மண்டையப் படிக்கிறதுக்கு ஒரு படிப்பா? இருக்கிற மண்டைய வெச்சு வேற எதனா படி."

"அந்த மண்டைக்குள்ள என்ன நடக்குதுன்னுதாம்ப்பா பாக்கப்போறேன்" என்றாள் ரெஜினா.

சிரிப்பை அடக்க மச்சானுக்குச் சிரமமாக இருந்தது. கடைசியில் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு பரீட்சையில போனாலும் அன்னைக்கோட படிப்பு நின்னுச்சு. சேலத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க." மச்சான் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் முதல் வருஷம் முடிப்பதற்குள் நான் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. எங்கள் ரெஜினா நெற்றியைப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவாள், பெங்களூர் ஜட்ஜ் ஒருவர் தீர்ப்பு எழுதுமுன் அவளைத்தான் கேட்கிறார் என்று. விளைவு என்னவென்றால், அவள் பஸ்ஸில் ஏறினால் பெண்கள் முந்தானையை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது ஓர் அம்மா தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினாள். எங்கள் பக்கம் அப்போது மதுவிலக்கு. "எல்லை தாண்டிப் போய்க் குடிச்சிட்டு வர்றானா இல்லையான்னு நெத்தியப் பாத்துச் சொல்லு கண்ணு" என்றாள்.

"நெத்தி எதுக்குக்கா? வாயை மோந்து பாருங்க, போதும்" என்றாள் ரெஜினா.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னாள்: "மாமா, எனக்குத் தெரியாதத எனக்குத் தெரியும்னு சொல்லாதீங்க. அந்தப் படிப்புக்கே அது ஆகாது." சரி என்று தலையாட்டினேன். சாயங்காலமே இன்னொரு ஜட்ஜைச் சேர்த்துக்கொண்டேன்.

கடைசி வருஷம் செய்முறைத் தேர்வு வந்தது. அந்தப் படிப்பில் ஒரு வழக்கம் உண்டு. பரிசோதனை செய்ய ஓர் ஆளை மாணவியே கூட்டிப்போக வேண்டும். ரெஜினா என்னிடம் வந்தாள்.

"மாமா, நீங்க வரணும். ஆனா அந்தப் பரிசோதனையப் பத்தி ஒண்ணுமே தெரியாம வரணும். அதுதான் முக்கியம்."

"ஒண்ணுமே தெரியாமலா? நானா? அதுக்கு ஊர்ல வேற ஆளே கிடைக்கலியா?"

"உங்கள விட்டா யாரு மாமா?" என்று சிரித்தாள்.

கிண்டலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. பெங்களூரில், அத்தனை பேர் முன்னால், ரெஜினாவின் மாமன் மக்கு என்று பெயர் வாங்கவா? பரீட்சை என்றால் பாஸ் ஆகத்தானே வேண்டும்? அவள் பரீட்சைக்கு நான் ஃபெயிலானால் அவளுக்கு எப்படி மார்க் போடுவார்கள்? இப்படித்தான் என் புத்தி ஓடியது. பரீட்சை அவளுக்கு, எனக்கில்லை என்று கடைசி வரை விளங்கவே இல்லை.

வீட்டில் அவள் தன் அம்மாவை, அதாவது என் அக்காவை, உட்காரவைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். அர்த்தமில்லாத மூன்று மூன்று எழுத்தாக ஆங்கிலத்தில் ஒரு வரிசை. பெக், சுஃப், மிப் என்று போகும். கல்லூரியில் அதை ஓர் உருளையில் ஒட்டிச் சுற்றுவார்களாம். சிறு ஜன்னல் வழியே ஒவ்வொன்றாகத் தெரியும். பார்த்துவிட்டு நினைவிலிருந்து சொல்ல வேண்டும். மனிதனுக்கு அது எத்தனை சுற்றில் மனதில் ஏறுகிறது, எங்கே தடுக்குகிறது என்பதுதான் சோதனை. அக்கா தடுமாறிக்கொண்டிருக்க, அடுத்த அறையில் படுத்தபடி நான் முழு வரிசையையும் மனப்பாடம் செய்தேன். தளி இறக்கத்தில் லாரியை ஓட்டிக்கொண்டே பெக், சுஃப், மிப் என்று கத்துவேன். ஒரு நாள் யானைக் கூட்டம் வழியை மறித்து நின்று, முழுதும் கேட்டுத் தலையாட்டிவிட்டுத்தான் ஒதுங்கியது.

தேர்வு நாளில் சீட்டுக் குலுக்கி எடுத்ததில் ரெஜினாவுக்கு விழுந்தது அதே பரிசோதனை, அதே வரிசை. நான் தேவனுக்கு நன்றி சொன்னேன். அவள் மணியடித்தாள், உருளை சுற்றியது. இரண்டாவது சொல் ஜன்னலுக்கு வருவதற்குள் நான் கடைசிச் சொல்லுக்குப் போய்விட்டேன். ஒரு பிசகு இல்லை. ரெஜினாவின் கை அப்படியே நின்றுவிட்டது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் எழுந்து வந்தார். கன்னடக்காரர். மெதுவாகத்தான் கேட்டார். "ஏனப்பா, யாரு ஹேளிகொட்டித்து?" யார் சொல்லிக்கொடுத்தது என்று.

மார்க்கெட்டில் பழகிய கன்னடம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. நிமிர்ந்து உட்கார்ந்து, "நம்ம ஹுடுகீனே சார்!" என்றேன். எங்கள் பெண்தான் சொல்லிக்கொடுத்தாள் என்று. அவளுக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்தேன். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்து, மகிழ்ச்சி தாங்கவில்லை போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் நடந்ததை அவள் பணி ஓய்வு விழாவில் நான் மேடையேறிச் சொன்னேன். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். தேர்வாளர் தன் பையிலிருந்து யாரும் பார்த்திராத இரண்டாவது வரிசையை எடுத்துக் கொடுத்தார். அதில் நான் திணறினேன். மறந்த இடங்களில் என் லாரிக் கிளீனர் பெயரையும் முட்டைக்கோஸ் ரகங்களையும் போட்டு நிரப்பினேன். ரெஜினா ஒவ்வொரு பிழையையும் அப்படியே எழுதினாள். இந்த ஆள் ஏன் இல்லாததைச் சொல்கிறார் என்று தேர்வாளர் கேட்க, "என் மாமாவுக்கு எதையும் காலியாக விடத் தெரியாது சார்" என்று தொடங்கி அவள் விளக்கிய விளக்கத்தில் அவர் எழுந்து கைகொடுத்தார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த ரெஜினா மடியில் இருந்த பூவிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள். திருத்தவில்லை.

பிள்ளைகளே, இரண்டாவது வரிசை என்று ஒன்று கிடையாது. அதை நான்தான் உண்டாக்கினேன். "நம்ம ஹுடுகீனே" என்று நான் சொன்னதும் அவர் உருளையைக் கையால் பிடித்து நிறுத்தினார். அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். "சார், எனக்குத் தெரியாது சார்" என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. நம்பும்படியாக நான் எதையும் விட்டுவைக்கவில்லை.

காலியாக விடத் தெரியாது என்பது மட்டும் அவள் சொன்னதுதான். திரும்பி வந்த பஸ்ஸில், அத்திப்பள்ளி தாண்டும்போது, வெளியே பார்த்தபடி சொன்னாள். "உங்களுக்குக் காலியா விடவே தெரியாதில்ல மாமா?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

வீட்டில் மச்சான், "என்னாச்சு?" என்றார். "நான் சரியாச் செய்யலப்பா. போயிடுச்சு" என்றாள். அவள் உட்கார்ந்த பெஞ்சிலேயே, அவளுக்குப் பக்கத்தில்தான் நான் இருந்தேன். யானைகளிடம் பேசிய வாய். ஜட்ஜுகளைப் படைத்த வாய். அன்று அது திறக்கவில்லை. சேலத்துக்காரர்கள் அடுத்த வாரமே வந்தார்கள். பலகாரம் வாங்கி வந்து கொடுத்தவனும் நான்தான்.

அந்த வருஷம் முழுக்க அவள் வீட்டோடு இருந்தாள். மறு வருஷம் திரும்பவும் பெங்களூருக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். மச்சானின் சொல்லை எப்படி மாற்றினாள், சேலத்துச் சம்பந்தம் எப்படி நின்றது, அந்த வருஷம் அவளுக்குள் என்னவெல்லாம் நடந்தது, இதையெல்லாம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க முகமில்லை.

ஆகவே அது எனக்குத் தெரியாது. அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்ள நினைப்பது 'தெரியாது' என்கிற இந்த ஒரு சொல்லைத்தான். இதற்குமேல் என்னை யாரும் கேட்காதீர்கள். கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவேன்.