மூட்டாத லுங்கி

எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இல்லை என்று நானும் சொன்னதில்லை. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. தைத்து வரும் மேல்பாகங்களைப் புரட்டிப் பார்த்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், தையல் பிசகு எல்லாவற்றையும் தேடி ஒதுக்க வேண்டும். குறை தெரிகிற தோலால் எனக்குத் தொல்லை இல்லை. குறையே தெரியாத தோலைக் கண்டால்தான் உஷாராவேன். மேலே பூச்சு அடித்து எதையோ மறைத்திருப்பார்கள். நாளெல்லாம் இப்படிப் பார்த்த கண்ணை வீட்டுக்கு வந்ததும் மாற்றிக்கொள்ள என்னால் முடியாது.

அவருக்கும் அதே கம்பெனிதான். ஒரு தோலில் எத்தனை துண்டு அடங்கும் என்று கம்ப்யூட்டரில் நெருக்கி அடுக்கிப் பார்க்கும் வேலை. இருவருக்கும் ஷிப்ட் வேறு. அவர் வரும்போது நான் கிளம்புவேன். முழுசாக முகம் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அன்றும் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை. அப்படி ஒரு ஞாயிறு மதியம், குடியாத்தத்தில் வாங்கி இன்னும் மூட்டாமல் வைத்திருந்த கட்டம்போட்ட லுங்கியைத் தரையில் விரித்தார். ஒடுகத்தூரிலிருந்து அவர் அம்மா கொடுத்தனுப்பிய வேர்க்கடலையைப் பக்கத்தில் கொட்டினார்.

"வா, நெட்ல ஒரு வெளையாட்டு பார்த்தேன். காட்றேன்" என்றார்.

கடலை இருக்கும் கட்டத்துக்கு உயிர் உண்டு. சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் இரண்டோ மூன்றோ கடலை இருந்தால் அது பிழைக்கும். கம்மியானாலும் கூடினாலும் சாகும். காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அங்கே புதிதாக ஒன்று பிறக்கும். அவ்வளவுதான் விதி. செத்ததை எடுத்து அவர் வாயில் போட்டுக்கொள்வார். பிழைக்க வேண்டியதையும் சேர்த்துத் தின்கிறாரோ என்று நான் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிப் பார்த்தேன். ஐந்து கடலையாலான ஒரு சின்ன உருவம் மட்டும் கலையாமல் மூலைவாட்டில் ஊர்ந்து போனது. துணியின் ஓரத்துக்கு வந்ததும் அதை எடுத்து எதிர் ஓரத்தில் வைத்தார்.

"மூட்டிட்டா இந்த ஓரமும் அந்த ஓரமும் ஒண்ணுதானே" என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

கடலை தீர்ந்த பிறகு அதே விளையாட்டை ஆடப் பழைய லாப்டாப்புக்கு மாறினோம், கடலைக்குப் பதில் திரையில் புள்ளிகள். உருவங்களைக் கட்டுவது நான், ஏற்றி ஓட்டுவது அவர். பெரும்பாலானவை சீக்கிரமே செத்துவிடும், அல்லது அசையாமல் நின்றுவிடும். மூலைவாட்டில் ஊர்ந்து போகும் அந்த ஐந்து புள்ளி உருவத்தைக் குண்டுபோல ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொண்டே இருப்பவையும் உண்டு. அவற்றில் உயிருள்ள கட்டங்களின் எண்ணிக்கை ஒரே சீராக ஏறிக்கொண்டே போகும். அதில் எனக்கு ஆசையில்லை. எனக்கு வேண்டியது, ஏறிய எண்ணிக்கை பழைய சிறிய எண்ணுக்கே விழ வேண்டும். மறுபடி முன்னைவிட உயரம் ஏறி, மறுபடி அதே எண்ணுக்கு விழ வேண்டும். முடிவே இல்லாமல். இப்படிக் கட்டியவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். நானும் ஒன்று கட்டி, அவர்கள் கூடும் இணையப் பக்கத்தில் வைக்க ஆசைப்பட்டேன். வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

வாராவாரம் ஏறியதே தவிர இறங்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிடும். "போதும்" என்று எழுந்து உள்ளே போய்விடுவேன். அந்த ஞாயிறு அதோடு சரி. அடுத்த ஞாயிறு வரை அடுப்பு மேடையில் மூடி வைத்த சாப்பாடுதான் எங்களுக்குள் பேச்சு.

ஒருநாள் அது இறங்கியது. எண் மளமளவென்று சரிந்து பழைய இடத்தில் வந்து நின்றதைப் பார்த்து நான் அவர் தோளில் ஓர் அடி வைத்தேன். அதற்குப் பிறகு ஞாயிறு முழுக்க அதன் முன்னால்தான் உட்கார்ந்தோம். இன்னும் சின்னதாக்கலாமா, இன்னும் சுத்தமாக்கலாமா என்று பேசிக்கொண்டே இருந்தோம்.

ஆனால் ஒரு புது வழக்கம் முளைத்திருந்தது. "நான் உருவத்தை ஏத்தி வெக்கிறேன், நீ டீ போட்டு எடுத்துனு வா" என்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த நேரத்துக்கு டீ கேட்டவர் இல்லை. நான் டம்ளரோடு வரும்போது திரையில் ஒரு சின்னப் பெட்டி சட்டென்று மூடும். நான் கட்டியதைத் தன் பெயரில் அந்த இணையப் பக்கத்துக்கு அனுப்பப் பார்க்கிறாரா? யாருக்காவது காட்டிவிட்டாரா? கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு எண்ணிக்கையைக் கோடாக வரைந்து காட்டச் சொன்னேன். அதுவரை நான் கவனித்தது கீழே விழும் எண்ணை மட்டும்தான். குண்டு போய் அடிப்பதற்கு நான் வைத்த இலக்கு ஒவ்வொரு தடவையும் தள்ளிப் போகும், குண்டுகள் அதைப் போய்ச் சேரும் வரை எண்ணிக்கை ஏறும். அப்படியென்றால் ஏற்றமும் தடவைக்குத் தடவை உயர வேண்டும். கோடோ சீப்புப் பல் மாதிரி ஒரே உயரத்தில் இருந்தது.

"எவ்ளோ அழகா இருக்கு பாரு" என்றார். எனக்குப் பூச்சு அடித்த தோல்தான் ஞாபகம் வந்தது.

அடுத்த ஞாயிறு அவர் ஒடுகத்தூருக்கு பஸ் ஏறியதும் லாப்டாப்பைத் திறந்தேன். புதிதாக ஒரு பக்கம் எடுத்து என் உருவத்தை நானே போட்டு ஓட்டினேன். ஏறியது, ஏறிக்கொண்டே போனது. இறங்கவே இல்லை. அவர் வைத்திருந்த பக்கத்தில் ஓட்டினால் ஒழுங்காக இறங்கியது. அந்தச் சின்னப் பெட்டியைத் தேடித் திறந்தேன். பக்கத்தின் அளவை வைக்கும் இடம் அது. என் பக்கத்துக்கு எல்லை இல்லை. அவர் பக்கத்துக்கு நீள அகலம் கொடுத்து, ஓரங்களை ஒன்றோடொன்று சேர்த்திருந்தது. வலது பக்கம் வெளியேறிய குண்டுகள் இடது பக்கமாக உள்ளே வந்து எல்லாவற்றையும் அழித்துக்கொண்டிருந்தன. அகலத்தில் ஒரே ஒரு கட்டம் கூட்டினேன். எல்லாம் கெட்டுப்போனது. தற்செயலாக வைத்த அளவு இல்லை அது.

சாயங்காலம் கடலைப் பையோடு வந்தவர், லாப்டாப் திறந்திருப்பதைப் பார்த்துச் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"இது இன்னா?" என்றேன்.

"லுங்கி மாதிரிதான். மூட்டி வெச்சேன்."

"அதுக்கு எதுக்கு வாரா வாரம் என்னை டீ போட அனுப்பினீங்க? உங்க பேர்ல போட்டுக்கவா?"

"என் பேர்லயா? நீ கட்றதுல பாதி எனக்குப் புரியறதே இல்ல." பையைக் கீழே வைத்தார். "அளவை மாத்தி மாத்திப் பார்த்தேன். ஒரு அளவுல இறங்கிச்சி. அப்படியே வுட்டுட்டேன்."

"ஏன்?"

"இறங்கலன்னா நீ எழுந்து போய்டுவ. போனா அடுத்த ஞாயித்துக்கெழமதான்."

எனக்குக் கோபம் குறையவில்லை. இதை அந்த இணையப் பக்கத்தில் வைத்திருந்தால் என் மானம் போயிருக்கும் என்று சொன்னேன். ஆமாம் என்று தலையாட்டினார். நான் எழுந்து போன ஞாயிறுகளையெல்லாம் அவர் இப்படி மனதில் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வீட்டில் எல்லாவற்றையும் செக் செய்கிற எனக்கு அது கண்ணில் படவில்லை. கோபத்தைவிட அதுதான் அதிகம் வலித்தது.

மறு ஞாயிறு உட்காரும் முன்பே அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எல்லை எதுவும் இல்லை. ஓட்டினார். எண் ஏறத் தொடங்கியது. இறங்க வேண்டிய இடம் வந்தது, தாண்டியது, மேலும் ஏறியது. அவர் திரையைப் பார்க்கவில்லை. நான் எப்போது எழுவேன் என்று என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். என் புத்தி அவருக்கும் தொற்றிவிட்டிருந்தது.

கடலை எங்கே என்று கேட்டேன். எடுத்து வந்து உரிக்க ஆரம்பித்தார். எண் ஏறிக்கொண்டே இருந்தது, நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.