எஸ்.ஐ. அய்யாவின் ஜெர்மன் கார்

காலையில் கதவைத் திறந்ததும் சுந்தரபாண்டியன் பேப்பரைத் தேடுவதில்லை. நேரே காருக்குப் போய்க் குனிந்து, முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரலை விட்டுப் பார்க்கிறார். விரல் போனால் நல்ல நாள். போகாவிட்டால், ராத்திரியோடு ராத்திரியாகக் காற்று இறங்கி வண்டி வாசலில் சம்மணம் போட்டுவிட்டது என்று பொருள். டயரில் இருக்கும் காற்று அல்ல. வண்டியையே தாங்கி நிற்கும் காற்றுப் பைகள் தனியாக உண்டு. வெளிநாட்டுச் சொகுசு என்றால் சும்மாவா?

"எந்திச்சிட்டா?" என்று உள்ளேயிருந்து கேட்கிறார் மனைவி ஜெயசித்ரா.

"ஏட்டி, கொஞ்சம் பொறு" என்று சாவியைப் போட்டுவிட்டு, வண்டி மெல்ல எழும்பும்வரை கைகட்டி நிற்கிறார். தெருவில் யாராவது பார்த்துவிட்டால், "ஜெர்மன் வண்டில்லா? நாம ஏறுததுக்குத் தோதா அதுவே குனிஞ்சு குடுக்கும்" என்கிறார். இலஞ்சி ஊரில் பாதிப் பேர் இதை நம்புகிறார்கள். மீதிப் பேர், சொல்வது போலீஸ்காரர் என்பதால் நம்புகிறார்கள்.

எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். மீசை மட்டும் இன்னும் டூட்டியில் இருக்கிறது. "சர்வீஸ்ல ஒரு பய நம்மள ஏமாத்துனதில்ல. மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன்" என்று டீக்கடையில் அவர் சொல்லாத நாள் கிடையாது. பென்ஷனைவிட அந்தப் பெருமைதான் அவருக்குப் பெரிது.

இந்தக் காரை வாங்கியதும் மூஞ்சியைப் பார்த்துத்தான். செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்குப் போய், விற்க நினைத்த டாக்டரை எதிரே உட்காரவைத்து மதியச் சாப்பாடுவரை விசாரித்தார். கேஸ் உண்டா, எங்கேயாவது மோதினதுண்டா, கடத்தலுக்குப் போனதுண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றார் டாக்டர், கண்ணைப் பார்த்து. அத்தனையும் சத்தியம். வெள்ளத்தில் நின்றதுண்டா என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்ல அவருக்கென்ன தலையெழுத்தா?

"ஆள விசாரிச்சிய, சரி. வண்டிய ஒரு வார்த்த விசாரிச்சியளா?" என்று ஜெயசித்ரா இன்றைக்கும் கேட்கிறார். பாவம், எத்தனையோ பேரைக் குறுக்குக் கேள்வி கேட்ட மனிதர், இதற்கு மட்டும் துண்டை எடுத்துக்கொண்டு கார் கண்ணாடியைத் துடைக்கப் போய்விடுகிறார்.

தென்காசி மெக்கானிக் கிருபா, வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது தண்ணியில முங்குன வண்டி அண்ணாச்சி. வயரெல்லாம் பச்ச புடிச்சிருக்கு" என்றபோது, சுந்தரபாண்டியன் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டு, "மெதுவாப் பேசுலே" என்றார். ஏதோ ஒரு சாமான் ஜெர்மனியிலிருந்தே வர வேண்டியிருந்தது. அது வந்து சேர்வதற்குள் இன்னொன்று போய்விட்டது. இதில், குற்றாலத்தில் சாரல் விழுந்தால் போதும், இந்த வண்டிக்குச் சாமி வந்துவிடும். கண்ணாடி தானாக இறங்கும், வைப்பர் ஆடும். போன சீசனில் கூட்டத்துக்கு நடுவே ஹாரன் பிடித்துக்கொண்டு நிற்காமல் அலறியதில், எண்ணெய் தேய்க்க உட்கார்ந்திருந்தவர்கள்கூடப் பாதித் தலையோடு எழுந்து வழிவிட்டார்கள். இவர் ஒரு கையால் எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டே ஓட்டினார். அன்றிலிருந்து ஜெயசித்ரா அதில் ஏறுவதில்லை. அடுத்த சாரலுக்குள் அது வாசலை விட்டுப் போய்விட வேண்டும் என்று கெடுவும் வைத்துவிட்டார்.

மலையில் மேகம் இறங்க ஆரம்பித்த ஒரு காலையில், முன்பு அவருக்குக் கீழே கான்ஸ்டபிளாக இருந்து, இப்போது திருவேங்கடம் ஸ்டேஷனில் இருக்கும் வேல்ராஜ் வந்தான். காரை விற்கப்போவதைக் கேள்விப்பட்டு, அதை வாங்கத்தான். அன்றைக்கென்று பார்த்து வண்டி நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

"பானட்டத் தொறந்து பாக்கியா?" என்றார் சுந்தரபாண்டியன்.

"எதுக்குய்யா? உங்க மூஞ்சியப் பாத்தாப் போதாதா? நீங்க சொல்லிக் குடுத்ததுதான?" வேல்ராஜ் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. "இதுக்காவ பருத்திக் காட்டுல பாதிய விக்க வெல பேசிட்டேன்யா. அம்மைய இதுல வச்சு குத்தாலம் கூட்டிட்டு வரணும்."

காபியோடு வந்த ஜெயசித்ரா, வேல்ராஜின் முதுகுக்குப் பின்னால் நின்று, வாயைத் திறக்காதீர்கள் என்று கணவருக்குக் கண்ணைக் காட்டினார்.

சுந்தரபாண்டியன் மீசையைத் தடவினார். சொன்னால் வண்டி இங்கேயே நிற்கும், மானம் போகும். எஸ்.ஐ. அய்யாவே ஏமாந்த கதையை நாளைக்குத் திருவேங்கடம் ஸ்டேஷனே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். சொல்லாவிட்டால் இந்தப் பயலுடைய காடு போகும்.

"இங்கன உக்காருலே" என்று அவனை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தார். சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். மாட்டும் அளவோடு விடாமல், உள்ளே சுருண்டு கிடந்த கடைசிவரைக்கும் இழுத்தார். கறுப்பு முடிந்து, வெள்ளத்துச் சேறு காய்ந்து காவியேறிப்போன ஒரு முழம் வெளியே வந்தது. அந்த ஒரு முழத்தை வேல்ராஜின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை மூடினார்.