கன்னியம்மாளை ஜட்காவில் ஏற்றிய ஜைனபு பீவி

செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் குழந்தை நல நிலையத்தில் எடை பார்க்கும் நேரத்தில் செய்தி வந்தது. ஜைனபு பீவியின் தம்பி வாசற்படி ஏறாமல் நின்று, "அக்கா மவுத்தாயிட்டாங்கம்மா" என்றார். டைபாய்டு என்று தெரியும். தேறிவிடுவார் என்றே நம்பியிருந்தோம். கையிலிருந்த குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, அதன் எடையை மறந்து நின்றேன்.

அவரோடு பழகிய நம் குழந்தை நலச் சங்கத்துச் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். மீர்சாகிப்பேட்டையிலிருந்து வந்த அந்த மருத்துவச்சியும், சாந்தோம் நர்ஸாகிய நானும் மயிலாப்பூர்ப் பக்கத்துக்குச் சேர்ந்தே நியமிக்கப்பட்டோம். இனிக்கப் பேசுகிறவர் அல்லர். பாலாடையைக் கழுவாமல் பால் புகட்டும் தாயைக் கண்டால், அவள் ஐயர் வீட்டு மருமகளானாலும் அதட்டுவார். ஆனால் தெருவில் மாடு வந்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்.

கால்வாய்க்கரைச் சேரியில் ஒவ்வொரு கோடையிலும் பேதி கண்டு குழந்தைகள் போய்க்கொண்டிருந்தன. "அவங்க விதி" என்று யாரோ சொன்னபோது ஜைனபு பீவி திரும்பிப் பார்த்தார். "மாட வீதியில குழந்தை செத்தா டாக்டரைக் கேக்குறீங்க. இங்க செத்தா மட்டும் விதியைக் கேக்குறீங்க" என்றார்.

உங்களில் பலர் அரைகுறையாகக் கேள்விப்பட்ட அந்த ஜட்கா சம்பவத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு பகல். சேரியில் கன்னியம்மாள் என்ற பெண்ணுக்கு முந்தின நாளிலிருந்தே வலி. வயிற்றைத் தொட்டுப் பார்த்த ஜைனபு பீவியின் முகம் மாறியது. "மேரி, குழந்தை குறுக்கால கெடக்கு. இது என் கைக்கு அடங்காது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்" என்றார்.

அவள் புருஷன் ஜட்கா பிடிக்கக் குதிரை வண்டிப்பேட்டைக்கு ஓடினான். வெறுங்கையோடு திரும்பினான். "கெஞ்சிப் பாத்தேம்மா. சேரி ஆளை ஏத்திக்கினா நாளைக்கு எவன் என் வண்டில குந்துவான்னு கேக்குறானுங்க." குடிசைக்குள் கன்னியம்மாளின் முனகல் வலுத்துக்கொண்டே போனது.

ஜைனபு பீவி தம் வெள்ளை புர்காவைக் கழற்றினார். அது இல்லாமல் அவரை நான் தெருவில் பார்த்ததே இல்லை. கன்னியம்மாளுக்கு அதைத் தலைமுதல் கால்வரை போர்த்திவிட்டு, "வாயைத் திறக்காதேடி, என் கண்ணு" என்றார். சேரி ஆட்கள் கயிற்றுக் கட்டிலில் பாதை முனைவரை தூக்கி வந்தார்கள்; அவர்களை அங்கேயே நிறுத்திவிட்டு, நாங்கள் இருவரும் மட்டும் தாங்கிப் பிடித்து சாலைக்கு நடத்தினோம். அவ்வழியே வந்த ஜட்காக்காரர் புர்காவைப் பார்த்தார், வண்டியை நிறுத்தினார்.

ராயப்பேட்டை வந்தபோது வலி பொறுக்காமல் கன்னியம்மாள், "யம்மா, மாரியாத்தா!" என்று அலறிவிட்டாள். வண்டி நின்றது.

"யாரும்மா இது? சேரிப் பொம்பளையா? எறக்கு!"

"எறக்க மாட்டேன்" என்றார் ஜைனபு பீவி. "நீ வேணா எறங்கிப் போ. வண்டி இங்கியே நிக்கட்டும். புள்ள இங்கியே பொறக்கட்டும்."

ஜட்காக்காரர் உண்மையிலேயே இறங்கிவிட்டார். சாட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றார். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கன்னியம்மாளின் நகங்கள் என் மணிக்கட்டில் பதிந்திருந்தன. முக்காடு மட்டும் போட்டிருந்த ஜைனபு பீவி அத்தனை கண்களுக்கும் முன்னால் தலை குனியாமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் வண்டிகள் தேங்கின. போலீஸ்காரர் ஒருவர், "யோவ், நடு ரோட்டுல இன்னாய்யா? ஓட்டு!" என்று அதட்டினார். ஜட்காக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். நகர்ந்த வண்டி அப்புறம் நிற்கவில்லை.

குழந்தை பிழைத்தது. தாயும் பிழைத்தாள். நாங்கள் வெளியே வந்தபோது, கூலிக்காகக் காத்திருந்த ஜட்காக்காரர் ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கோபத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஜைனபு பீவி என்னைத் தடுத்து, குழாயடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் பிடித்துவந்து அவர் பக்கத்தில் வைத்தார். "புள்ள பொறந்துடுச்சு நைனா" என்றார். அவர் நிமிரவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டார்.

மறுவாரச் சங்கக் கூட்டத்தில், ஒருவரை ஏமாற்றி வண்டி பிடித்தது முறையா என்று கேள்வி எழுந்தது. "பொய் சொன்னது என் துணிங்க. நான் ஒரு வார்த்தை சொல்லல" என்றார். சேரிக்கென்று சங்கமே ஒரு வண்டி அமர்த்த வேண்டும் என்று அன்று பிடித்த பிடியை, அது நடக்கும்வரை அவர் விடவில்லை. வீட்டில்தான் அவர் கொடுத்த விலை அதிகம். திறந்த முகத்தோடு ஊர்வலம் போனவள் என்று தம்பி பேச்சை நிறுத்தினார். மந்தைவெளியில் ஓர் அறை பிடித்துத் தனியே இருந்தார். காய்ச்சல் கண்ட பிறகே தம்பி வந்து கைபிடித்து அழைத்துப் போனார்.

பிரசவத்துக்கு ஆள் வந்தால் "எந்தத் தெரு?" என்றுதான் இந்த ஊரில் எல்லோரும் முதலில் கேட்கிறோம். அந்தப் பதிலிலேயே ஜாதி தெரிந்துவிடும். ஜைனபு பீவி முதலில் கேட்டது, "வலி எப்போ கண்டுச்சு?" தெருவில் இறங்கிய பிறகே, "எந்தப் பக்கம்?" என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒன்றைத்தான். அடக்கம் முடிந்த மறுநாள் ஒருவர் மூச்சிரைக்க நிலையத்துக்கு ஓடிவந்தார். வலி எப்போது கண்டது என்று கேட்டேன். சொல்லிக்கொண்டே அவர் முன்னால் ஓட, பையை எடுத்துக்கொண்டு நான் பின்னால் விரைந்தேன்.