நூலகத்துக்கு வந்த சீர்

எங்கள் பல்கலைக்கழக நூலகம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் பிறந்தது. பல்கலைக்கழகம் தொடங்கியபோது தனிக் கட்டடம் தயாராகவில்லை. காலைப் பலகாரம் முடிந்ததும் மேசைகளைத் துடைத்துப் புத்தகங்களை அடுக்குவார்களாம். மதியச் சாப்பாட்டுக்கு முன் எடுத்து வைத்துவிடுவார்களாம். அந்தக் காலத்துப் புத்தகங்கள் சிலவற்றில் இன்றும் சாம்பார்க் கறை இருக்கிறது. ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்டால், "அது வரலாறு" என்று சொல்லிவிடுவேன். உதவி நூலகர் வேலைக்கு வாய்ச் சாமர்த்தியமும் கொஞ்சம் வேண்டும்.

இப்போது பெரிய மாடிக் கட்டடம். ஓலைச்சுவடிக்குக் குளிரூட்டிய அறை, பழைய நாளிதழ்களுக்குத் தனிக் கூடம். மேல் மாடியில் வட்டாரத் தொகுப்பு இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அலமாரி. அந்தப் பகுதியில் அச்சானது, அதைப் பற்றி வந்தது எல்லாம் அதில் சேரும். ஆற்றங்கரைக்காரர்களின் அலமாரி பிதுங்கி நிற்கும். எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து அலமாரியில் மட்டும் ஒரு வரிசைகூட நிறையவில்லை. எங்கள் பக்கம் மழையும் வராது, புத்தகமும் வராது போல.

நூலகர் கறாரான மனிதர். "மாசக் கடைசிக்குள்ள நிரப்புங்க. இல்லன்னா அந்த அலமாரியப் போட்டித் தேர்வு கைடுகளுக்குக் கொடுத்துருவேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பெரிய கட்டடத்தில் எங்கள் ஊருக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான்.

ஊரில் கேட்கவும் வாய் வரவில்லை. நான் விரும்பியவரைப் பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொண்டவள். கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டார் தாம்பாளம் தாம்பாளமாகச் சீர் எடுத்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு ஒரு வாழைப்பழம்கூட வரவில்லை. பிறகு எல்லோரும் ராசியாகிவிட்டோம். நல்லது கெட்டதுக்குப் போக வர இருக்கிறோம். அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுப்பதில்லை. எனக்கு அதில் வருத்தமே இல்லை என்று என் வீட்டுக்காரரிடம் அடிக்கடி சொல்வேன். வருத்தமில்லாதவள் எதற்கு அடிக்கடி சொல்ல வேண்டும்?

கடைசியில் அண்ணன் மனைவிக்குப் போன் செய்தேன். "பழைய புத்தகம், நோட்டீஸு, எதுவானாலும் ஒரு சாக்குல கட்டி பஸ்ஸுல போட்டு விடுங்க மதினி."

"சாக்குலயா? நல்லாக் கேட்ட போ. வியாழக்கிழம வாரோம்" என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை, வாசல் காவலர் பதறிப்போய்க் கூப்பிட்டார். "மேடம், ஒங்க ஊர்க்காரவுகளாம். வேன்ல வந்திருக்காக. மேளத்தோட."

ஓடிப்போய்ப் பார்த்தேன். வேப்பமரச் சாலையில் நாயனமும் தவிலும் முன்னால் வர, பின்னால் பட்டுச்சேலைகள். ஒவ்வொரு கையிலும் ஒரு தாம்பாளம். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், நடுவில் மஞ்சள் குங்குமம் வைத்த புத்தகக் கட்டு. நல்லவேளை, குங்குமம் மேலே சுற்றிய தாளில்தான் இருந்தது. இல்லாவிட்டால் சாம்பார்க் கறைக்குத் துணை கிடைத்திருக்கும்.

மானாவாரி விதைப்புக்கு வேளாண்மைத் துறை கொடுத்த துண்டறிக்கைகள், திருவிழா நாடக நோட்டீஸ்கள், நெசவாளர் சங்க மலர், ஓரம் கிழிந்த சினிமாப் பாட்டுப் புத்தகங்கள். மாதாகோயில் தெரு டீச்சர் வீட்டார் தவக்காலப் பாடல் புத்தகம் எடுத்து வந்திருந்தார்கள். திருச்சுழியில் ஜவுளிக் கடை வைத்திருக்கும், வீரசோழன் ஊர்க்காரரான பாய், தமிழை அரபு எழுத்தில் அச்சடித்த பழைய புத்தகம் ஒன்றைப் புதுத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"எங்க வாப்பா ஓதுனதும்மா. இங்கன பூச்சி அரிக்காதுல்ல?"

"அரிக்க விடமாட்டேன் பாய்" என்றேன்.

படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் படிக்கட்டு முழுக்க வந்து நின்றார்கள். நூலகரும் வாசலுக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் மேளம் தானாக நின்றது. தொலைந்தேன் என்று நினைத்தேன். அவரோ செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கினார். அவருக்கும் ஓர் ஊர் இருந்திருக்கும் போலிருக்கிறது.

அலமாரி நிறைந்து, மிச்சம் தரையில் நின்றது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்புறம்தான் சிக்கல் உறைத்தது. சீர் வந்த தாம்பாளத்தை வெறுமனே திருப்பக் கூடாது. அரிசியோ பழமோ வைத்துத்தான் கொடுக்க வேண்டும். கேன்டீனில் விசாரித்தால் ஆறிப்போன வடைதான் இருந்தது.

மதினி இடுப்பில் கைவைத்து நின்றார். "என்னம்மா, வெறுந் தாம்பாளத்தையா தரப்போற? இம்புட்டுப் பெரிய வீட்ல ஒண்ணுமா இல்ல?"

அது நூலகர் காதிலும் விழுந்தது. உள்ளே போய் ஓர் அறையின் சாவியை எடுத்து வந்தார். ஒரே புத்தகம் இரண்டிரண்டாக வந்துவிட்டால் மிகுதியை அந்த அறையில்தான் போட்டு வைப்போம். கிராமங்களுக்குக் கொடுக்க அனுமதி வாங்கியும், கேட்டு வர ஆளில்லாமல் அவை கிடந்தன. கதைப் புத்தகம், குழந்தைகள் புத்தகம், மோட்டார் பழுது பார்க்கும் புத்தகம் என்று ஒவ்வொரு தாம்பாளத்திலும் அவரே வைத்துக் கொடுத்தார். மோட்டார் புத்தகத்தை மதினி கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கள் கிணற்று மோட்டார் அண்ணன் கையில் படும் பாடு அப்படி.

நூலக வாசலிலேயே வேனில் ஏறினார்கள். கடைசியாக ஏறப்போன மதினியிடம் கேட்டேன். "பழைய பேப்பருக்கு எதுக்கு மதினி இம்புட்டு ஆர்ப்பாட்டம்?"

"பேப்பருக்குன்னு யாரு சொன்னா? அன்னைக்கு வைக்காத சீரு இது. ஒங்க அண்ணனுக்கு அது உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. நீயா வாய் தொறந்து ஒண்ணு கேக்கட்டும்னு இருந்தாக. நீ சாக்குல கேட்டா நாங்க சாக்குலயா குடுப்போம்?"

வேனுக்குள் அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாராவது இருமினால்கூட முறைக்கிறவள் நான். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே நின்று, அத்தனை பேர் கேட்க, சந்தோஷத்தில் ஓவென்று அழுதேன். நூலகர் என்னை ஒன்றும் சொல்லவில்லை.