பாண் லாச்சியில் இருந்த துவக்கு

அகதியாக வந்த நாட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் துவக்குச் சுடும் சங்கத்து ஆள். சனிக்கிழமைகளில் அவர் இருந்த வீட்டை நான்தான் கூட்டித் துடைப்பேன்.

வேறொரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒருவன் பிள்ளைகளைச் சுட்ட பிறகு சட்டம் இறுகியது. சொல்லாமல் வந்த அதிகாரிகள் அவருடைய கைத்துவக்கு மேசையில் கிடந்ததைக் கண்டு உரிமத்தைப் பறித்தார்கள். "அன்று மட்டும் துடைக்க எடுத்தேன், எப்போதும் இரும்பு அலுமாரியில்தான் வைப்பேன்" என்று சொல்லி, உரிமத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டார். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

"அவர் சொல்லுறதுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ," என்றாள் மனைவி. "ஊரில ஆமி கேட்கேக்க ஒண்டும் காணேல்லை எண்டு சொன்ன வாய்தானே. வீடு போனா எங்க போறது?"

நீதிபதி கேட்டார். துவக்கு குசினியில் பாண் வைக்கும் இழுப்பு லாச்சியில், பாண் வெட்டும் கத்திக்குப் பக்கத்தில்தான் கிடக்கும் என்றேன். என்னோடு வந்த மகள் ஒருநாள் பாண் எடுக்க அதைத் திறந்தாள் என்றும் சொன்னேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது.

அவர் வழக்கில் தோற்றார். நீதிமன்ற வாசலில் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

"உன்னை வீட்டுக்குள் விட்டது என் பிழை. வீட்டை விட்டு வெளியே போ."

"போகிறேன்" என்றேன்.

பாதி ஊர் அந்தச் சங்கத்தில்தான் இருந்தது. பாண் கடையில்கூட ஒருவரும் என்னோடு பேசவில்லை. அது எனக்குப் பெரிதில்லை.

வீடு போனதற்கு மனைவி ஏசவில்லை.

"பிள்ளை திறந்த அண்டைக்கே ஏன் வாய் திறக்கேல்லை?" என்றாள்.

துவக்கைக் கண்டால் காணாததுபோல் இருப்பது விட்டுவந்த எங்கள் ஊரில் பழகியது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் கேட்கிறாள்.