விசிறியில் எழுதிய விலாசம்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வரும் பஸ்ஸில் அந்த அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காதில் பாம்படம், கையில் பனையோலை விசிறி. யாரைக் கண்டாலும் ஊரும் தெருவும் விசாரித்து, உடனே முறை வைத்து அழைத்துவிடுவார். அதற்குள் டிரைவர் அவருக்கு மருமகனாகியிருந்தார்.

"சாமி கடலாடப் போற பங்குனி ஆறாட்டு பாக்கணும் மக்களே. யானை, குதிரை, பட்டாளமெல்லாம் வருமாமே! தங்க இடந்தான் இல்ல. நீ படிச்ச பிள்ளையா? இங்கிலீஷும் எழுதுவியா?"

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். விடுவேனா?

"எங்க, உன் வீட்டு விலாசத்த எழுது பாப்போம்" என்று விசிறியை நீட்டினார். எங்கள் கரமனை வீட்டு விலாசத்தை ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் இங்கிலீஷிலும் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன்.

பங்குனியில் அந்த விசிறி எங்கள் வாசலுக்கு வந்தது. பின்னால் ஏழு பேர். அந்த அம்மாள் அடுக்களையில் என் அம்மாவை அண்ணி முறைவைத்து "மைனி" என்றார். முற்றத்தில் அப்பாவை "அத்தான்" என்றார். கூட்டமாகச் சங்குமுகம் கடற்கரைவரை நடந்து ஆறாட்டு பார்த்தார்கள். எங்கள் வீட்டுப் புளிசேரி மோர்க்குழம்புக்கு உப்புப் போதவில்லை என்றும் சொன்னார்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது என் காதருகே குனிந்தார். "அடுத்தது மைசூர் தசரா மக்களே. புது விசிறி வாங்கணும்."

அவர்கள் போனதும் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "உனக்க ஆளுகளுக்கு வாய் ஜாஸ்தி."

"எனக்க ஆளா? என்னைய மைனின்னுல்லா கூப்பிட்டாவ! உங்க தங்கச்சி முறையில்லியா?"

"என்னைய அத்தான்னுல்லா கூப்பிட்டா! அப்ப உனக்க தங்கச்சில்லா!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாடப்புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். தசரா வந்தாலே, மைசூரில் எந்தப் படித்த பெண் விசிறியில் விலாசம் எழுதிக்கொடுத்தாளோ என்று எனக்குத் தோன்றும்.